காராமணி இலையில் புள்ளி

பொங்கல் கழிந்த வாரம் அன்புக்கரசி தரமணி ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகளோடு வந்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து விடியலில் கிளம்பி, பஸ்ஸும் ரயிலும் மாறி வந்திருந்தாள். பைகளில் வேரோடு பிடுங்கிய மிளகாய்ச் செடிகள். ஆய்வாளர் ஜலஜா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இலைகள் அகலம் சுருங்கி நாடா போல நீண்டிருந்தன. கொழுந்து கருகியிருந்தது. பூத்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் காம்பு.

அன்புக்கரசிக்கு நாற்பது வயதிருக்கும். அவள் ஊரில் மிளகாய் போடும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. அதற்கு அவள்தான் தலைவி. மருந்துக் கடைக்காரர் வெள்ளை ஈயால் வந்த நோய் என்று சொல்லி மருந்து கொடுத்தாராம். அடித்தார்களாம். கேட்கவில்லை என்று வேறொன்று கொடுத்தாராம். அதையும் அடித்தார்களாம். ஈ செத்தது, செடியும் செத்தது என்றாள்.

"எங்க மிளகாயில எப்பவுமே கொஞ்சம் தேமல் இருக்கும்மா. அதோடவே காய்க்கும். இது அப்படியில்ல. ஆடிக்கு நடறதா, நிலத்தைச் சும்மா போடறதான்னு எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. இது இன்னதுன்னு நீங்க சொல்லிட்டா போதும்."

ஜலஜா முப்பது வருடமாகச் செடிகளைத் தாக்கும் வைரஸ்களைத் தேடிக்கொண்டிருப்பவள். பெயர் சொல்வது இப்போதெல்லாம் சுலபம். இலையை அரைத்துச் சாறெடுத்து, மரபணு படிக்கும் இயந்திரத்திடம் கொடுத்தால் அது உள்ளே இருப்பதையெல்லாம் ஒப்பித்துவிடும். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் அனன்யா. கெட்டிக்காரி. சில நாட்களில் பதிலோடு வந்தாள். நோய் முற்றிய செடிகளில் எல்லாம் இரண்டு வைரஸ்கள் இருந்தன. ஒன்று மிளகாயிலேயே காலம் காலமாகக் காணப்படும் நரம்புத் தேமல் வைரஸ். மற்றது வெள்ளரித் தேமல் வைரஸ். ஓரளவு நன்றாக இருந்த செடிகளில் முதலாவது மட்டும் இருந்தது. அதனால் வெள்ளரித் தேமல்தான் குற்றவாளி என்றாள் அனன்யா.

அப்படியும் இருக்கலாம் என்று ஜலஜாவுக்குத் தோன்றியது. ஆனால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல இயந்திரத்தால் முடியும். அடித்தது யார் என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, ஆரோக்கியமான மிளகாய் நாற்றில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ணாடி வீடு வேண்டும். இருந்த கண்ணாடி வீட்டைப் புதுக் கட்டடம் எழுப்புவதற்காக இடித்திருந்தார்கள். பதிலுக்கு வருவதாகச் சொன்னது இன்னும் வரைபடமாகவே இருந்தது. வேறு இடங்களில் கேட்டதற்கு, மழைக்காலத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் ஆடி போய்விடும்.

அன்று சாயங்காலம் மயிலாப்பூர் வீட்டுக்குப் போகாமல் ஜலஜா பாண்டி பஜாரில் இறங்கினாள். ஏன் இறங்கினோம் என்பது அகலமான புது நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அவளுக்கே தெளிவானது. 'கரீமுல்லா லேஸ் ஸ்டோர்ஸ்' பலகைக்கு முன்னால் அவள் கால்கள் நின்றிருந்தன.

குலாம் ரசூலும் அவளும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிண்டிப் பக்கத்தில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தவர்கள். அப்போது இயந்திரம் ஏது? செடியைக் கொண்டுதான் செடியின் நோயைக் கண்டுபிடித்தார்கள். நோயுற்ற இலையைக் கல்வத்தில் அரைத்து, அந்தச் சாறை விரல் நுனியால் இன்னொரு செடியின் இலையில் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் இலைமேல் மெல்லிய உரசு தூளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து வைரஸ் உள்ளே போகும். விரல் அழுந்தினால் இலை கிழிந்துவிடும். அழுந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. எந்தச் செடியில் என்ன புள்ளி வருகிறது, எதில் வராமல் போகிறது என்று பார்த்துப் பார்த்து வைரஸை அடையாளம் காண்பார்கள்.

வளாகத்தின் கோடியில் இருந்த அந்தக் கண்ணாடி வீட்டை ஜலஜா இப்போதும் வாசனையாகத்தான் நினைவு வைத்திருந்தாள். நனைந்த செம்மண், கந்தகம், புகையிலைச் செடியின் பிசுபிசுப்பு. சித்திரை பிறந்ததும் வெயில் தாங்காமல் கண்ணாடிகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். உள்ளே எல்லாமே பாலுக்குள் இருப்பதுபோல வெளுத்துத் தெரியும். ரசூல் அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தான். பீடி குடித்த கையோடு யாரும் உள்ளே வரக் கூடாது. பீடிப் புகையிலையிலிருந்து வைரஸ் கையில் ஒட்டிக்கொண்டு செடிக்குப் போய்விடும். பாலில் கை கழுவினால் அது செயலிழந்துபோகும் என்று படித்திருந்தான். அதனால் காவலாளிக்காகத் தினமும் ஒரு டம்ளர் பால் வாசலில் இருக்கும். காவலாளி பாதியில் கை கழுவிவிட்டு மீதியைக் குடித்துவிடுவார். நாளாக நாளாகக் கழுவும் பால் குறைந்துகொண்டே வந்ததாக ரசூல் புகார் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆராய்ச்சி முடியும் தறுவாயில் ரசூலின் அப்பா கரீமுல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே பையன். கடையில் உட்கார வேறு ஆள் இல்லை. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. அவன் கடைசியாகச் சாறு தேய்த்துவிட்டுப் போன புகையிலைச் செடிகளுக்கு ஜலஜாதான் தண்ணீர் ஊற்றினாள். ஒரு காலை, ஒரு செடியின் இலைகளில் வட்டம் வட்டமாகப் புள்ளி எழும்பியிருந்தது. அவன் மாதக்கணக்காகத் தேடியது அதைத்தான். அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். கடையில் முகூர்த்தக் கூட்டம். ரசூல் ஒரு அம்மாவுக்கு ஜரிகை அளந்துகொண்டிருந்தான். தொட்டியை மேஜைமேல் வைத்ததும் குனிந்து இலையைப் பார்த்தான். "வந்துடுச்சு" என்றான். அந்த அம்மா இன்னும் அரை முழம் சேர்த்து அளக்கச் சொன்னாள். அவன் அளந்தான்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவள் ஹூக், லைனிங் என்று எதையாவது சாக்காக வைத்துக் கடைக்குப் போய்வந்தாள். பிறகு கல்யாணம், குழந்தை, வேலை. மகளின் கல்யாணத்துக்கு லேஸ் வாங்கப் போனதுதான் கடைசி.

ரசூலின் தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தான். வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினான். அவள் மூடி போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்த இலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்க நரம்புகளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். பெயர் எதுவும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது என்று அந்தக் காலத்தில் சார் திட்டியதை இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஜலஜா விஷயத்தைச் சொன்னாள். இயந்திரம் சொன்னது, இடித்த கண்ணாடி வீடு, ஆடிப் பட்டம், அன்புக்கரசி. கடைசியில் கேட்டாள்.

"உங்காத்து மாடி இன்னும் அப்படியேதான் இருக்கா, ரசூல்?"

"கீது. எதுக்கு?" என்றவன் பாதியிலேயே புரிந்துகொண்டு சிரித்துவிட்டான். "இத்தினி வருஷம் கழிச்சு வந்து இன்னா கேக்கறே பாரு."

வீடு சாந்தோமில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மாடியில் கீற்றுப் பந்தல். அடுக்குமாடிகளுக்கு நடுவே விரலகலத்துக்குக் கடல் தெரியும். ரசூலின் மனைவி ருக்சார் அங்கே தொட்டிகளில் தக்காளியும் கத்தரியும் வளர்த்துவந்தாள். ஜலஜா எதையும் மறைக்கவில்லை. இந்த வைரஸ்கள் மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் சாறை உறிஞ்சி நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும் அசுவினிப் பூச்சி ஒன்று வெளியே போனால் ருக்சாரின் செடிகளுக்கும் அக்கம்பக்கத்துச் செடிகளுக்கும் நோய் வரலாம் என்று விளக்கினாள். அதனால் எல்லாவற்றையும் வலைக்கூண்டுக்குள் வைக்க வேண்டும், முடிந்ததும் ஒரு இலை விடாமல் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் அவித்து அழிக்க வேண்டும். ருக்சார் யோசித்தாள். மறுநாளே தன் தொட்டிகளைத் திருவான்மியூரிலிருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொசுவலைத் துணியை வெட்டிக் கூண்டுகள் தைக்க உட்கார்ந்தாள். கடையிலிருந்து நல்ல ஜிப்புகள் வந்தன. இவ்வளவு அழகான பூச்சிக்கூண்டை எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்த்ததில்லை என்று ஜலஜா சொன்னாள். அது முகஸ்துதி இல்லை.

மிளகாயும் காராமணியும் விதைத்தார்கள். காராமணி எதற்கு என்று ருக்சார் கேட்டபோது ரசூல்தான் சொன்னான். வெள்ளரித் தேமல் வைரஸ் காராமணி இலையில் புள்ளி போடும். நரம்புத் தேமல் வைரஸுக்குக் காராமணி ஆகாது. இரண்டும் கலந்த சாறைக் காராமணியில் தேய்த்தால், வருகிற புள்ளியில் ஒன்றுதான் இருக்கும். அந்தப் புள்ளியை வெட்டியெடுத்தால் இரண்டில் ஒன்றைத் தனியாகப் பிரித்த மாதிரி. சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி, ஜலஜாவிடம் சரிதானா என்று கேட்டான். சரிதான் என்றாள். கடல்காற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

காராமணியின் முதல் ஜோடி இலைகள் விரிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். ஜலஜா ஐஸ்மேல் வைத்த கல்வத்தில் இலையை அரைத்தாள். ரசூல் உரசு தூளைத் தூவிவிட்டு இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, வலது ஆள்காட்டி விரலால் காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தான். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டு ரிப்பனின் நெசவைத் தடவிப் பார்ப்பது போலிருந்தது. ஒருவேளை அவன் ரிப்பனைத் தடவியதெல்லாம்தான் இலையைத் தடவுவது போல இருந்ததோ என்றும் நினைத்தாள்.

ஒன்றும் வரவில்லை. நாட்கள் போயின. காராமணி பச்சைப்பசேலென்று மூன்றாம் இலையும் விட்டது. சாறு கெட்டுவிட்டதா, ஐஸ் போதவில்லையா, வெயிலா என்று ஜலஜா ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். ஆய்வுக்கூடத்தில் அனன்யா தயங்கித் தயங்கி, முதலில் சொன்ன முடிவையே எழுதிக் கொடுத்துவிடலாமே என்றாள். அன்புக்கரசியிடமிருந்தும் போன் வந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் ரசூல் கடையிலிருந்து கூப்பிட்டான்.

"ஜலஜா, நாம இருட்டுல வைக்கவே இல்லியே."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தேய்ப்பதற்கு முந்தைய நாள் செடியை இருட்டில் வைக்க வேண்டும். வெயிலில் இறுகிப்போன இலை இருட்டில் கொஞ்சம் தளர்ந்து, வைரஸுக்கு இடம் கொடுக்கும். அந்தக் காலத்தில் கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மண்வெட்டி அறையில் பழக்கத்தால் வைப்பார்கள். அதை ஒரு வேலையாகவே யாரும் நினைத்ததில்லை. ஜலஜா பல வருடங்களாகத் தன் கையால் தேய்க்கவில்லை. அவள் மாணவர்களும் உதவியாளர்களும்தான் தேய்த்துவந்தார்கள்.

மறுபடி விதைத்தார்கள். இந்த முறை முந்தைய நாளே தொட்டிகளை மாடிப்படிக்கு அடியிலிருந்த கிடங்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பட்டன் டப்பாக்களுக்கும் லேஸ் சுருள்களுக்கும் நடுவில் காராமணி ஒரு நாள் முழுக்க இருட்டில் இருந்தது. எடுக்கப் போனபோது ருக்சார், செடி கடைக்கு வேலைக்கு வந்துவிட்டதா என்று கேட்டாள்.

புள்ளிகள் வந்தன. முதலில் பார்த்தது ருக்சார். குண்டூசித் தலை அளவில், செம்பழுப்பாக, இலை முழுக்க. அவள் கடைக்குப் போன் செய்ய, ரசூல் ஜலஜாவுக்குப் போன் செய்ய, ஜலஜா தரமணியிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது ரசூலும் கடையைப் பாதியில் விட்டு வந்திருந்தான். மூவரும் கூண்டைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"விட்டுப் போனது உனக்கு வருத்தமா இருந்ததா?" என்று ஜலஜா கேட்டாள். இத்தனை வருடமும் கேட்டதில்லை.

ரசூல் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொத ரெண்டு வருஷம் ரொம்ப இருந்துச்சு. கிண்டிப் பக்கமே போகமாட்டேன். அப்புறம் கடையும் புடிச்சுப் போச்சு. ரெண்டும் நெஜம்தான்." கூண்டின் வலையைச் சரிசெய்தபடி, "ஆனா இந்த மாதிரி காலையில ஓடி வந்து பாக்கறது கீதே, அது கடையில இல்ல" என்றான்.

புள்ளிகளில் ஒன்றை வெட்டியெடுத்து, வேறு செடியில் ஏற்றிப் பெருக்கினார்கள். அதில் வெள்ளரித் தேமல் மட்டும்தான் இருக்கிறது என்று அனன்யா தன் இயந்திரத்தில் சரிபார்த்துக் கொடுத்தாள். நரம்புத் தேமலுக்கு, அது மட்டும் இருந்த செடிகளிலிருந்து சாறு எடுத்தார்கள். மிளகாய் நாற்றுகளை நான்கு கூண்டுகளாகப் பிரித்தார்கள். ஒன்றில் வெள்ளரித் தேமல் மட்டும். ஒன்றில் நரம்புத் தேமல் மட்டும். ஒன்றில் இரண்டும். ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர். பிறகு காத்திருந்தார்கள். ஜலஜா ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை முடிந்து சாந்தோம் வந்தாள். மாலையில் கடல்காற்று ஏறும்போது தேவாலய மணி கேட்கும். ருக்சார் டீ போட்டுக் கொண்டுவருவாள். ரசூலும் ஜலஜாவும் பழைய ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாலைக் குடித்த காவலாளியின் கதையை ருக்சார் இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

தண்ணீர் மட்டும் தேய்த்த நாற்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நரம்புத் தேமல் ஏற்றிய நாற்றுகளில் இலை லேசாகத் திட்டுத்திட்டாக வெளுத்தது, செடி வளர்ந்தது. எல்லோரும் வெள்ளரித் தேமல் கூண்டைத்தான் கவனித்தார்கள். அதிலும் தேமல் வந்தது. ஒரு வாரம் செடி சோர்ந்து நின்றது. பிறகு புதுக் கொழுந்து விட்டது, கொழுந்து ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. அனன்யா நேரில் வந்து குனிந்து பார்த்தாள். குற்றவாளி என்று அவள் சொன்ன வைரஸ் இவ்வளவுதான் செய்தது.

மூன்றாவது கூண்டில் இலைகள் நாடா போல நீண்டன. கொழுந்து கருகியது. ஜலஜா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதே செடி.

"ஒண்ணொண்ணா வந்தா மிளகாய் தாங்கிக்கிது," என்றான் ரசூல். "சேர்ந்து வந்தாத்தான் முடியலை."

ஜலஜா அன்புக்கரசியைத் தரமணிக்குக் கூப்பிடவில்லை. சாந்தோமுக்கே வரச் சொன்னாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மாடி ஏறி வந்து, நான்கு கூண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவதன் முன் நின்று, இது எங்க செடி என்றாள். ஜலஜா நடந்ததைச் சொன்னாள். நரம்புத் தேமல் அவர்கள் ஊர் மிளகாயில் எப்போதும் இருந்ததுதான். வெள்ளரித் தேமல் புதிதாக எங்கிருந்தோ வந்திருக்கிறது. இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ அல்ல, அசுவினி. பக்கத்தில் யாராவது வெள்ளரி போட ஆரம்பித்தார்களா?

அன்புக்கரசி மூன்றாவது கூண்டின் ஜிப்பை விரலால் தடவினாள். பிறகு மெதுவாக, "என் அண்ணன்தாம்மா" என்றாள். போன வருடத்திலிருந்து ஓடைக்கரை நிலத்தில் வெள்ளரி போடுகிறானாம். நன்றாக விலை போகிறதாம். அவனிடம் என்ன சொல்வது என்று அவள் கேட்கவில்லை, ஆனால் அவள் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. வெள்ளரியை விடச் சொல்ல வேண்டாம் என்றாள் ஜலஜா. நாற்றை வலைக்குள் வளர்க்கலாம். மிளகாயைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை போட்டால், பறந்து வரும் அசுவினி முதலில் சோளத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொள்ளும், வாயில் ஒட்டிய வைரஸ் அங்கேயே போய்விடும். வெள்ளரிக்கும் மிளகாய்க்கும் நடுவே ஒரு வயல் இடைவெளி விட்டால் போதும். கடைக்காரர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடலாம். அன்புக்கரசி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டாள். போகும்போது ருக்சாரிடம் கூண்டை எப்படித் தைத்தது என்று கேட்டு, அளவையும் வாங்கிக்கொண்டாள்.

செடிகளையெல்லாம் மூட்டை கட்டி ஆய்வுக்கூடத்தில் அவித்து அழித்தார்கள். தொட்டி மண்ணையும் விடவில்லை. வெறுமையாக இருந்த மாடியை ரசூல் தண்ணீர் ஊற்றிக் கழுவினான்.

ஆய்வுக் கட்டுரையை அனன்யா எழுதினாள். குலாம் ரசூலின் பெயருக்கு எதிரே எந்த நிறுவனம் என்று போடுவது என்று கேட்டாள். ஜலஜா கடைக்குப் போன் செய்தாள். பின்னால் யாரோ வெள்ளைப் பட்டன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் வேண்டாம் என்று முதலில் மறுத்தவன், அவள் விடாமல் கேட்கவே, "அந்த மாடியும் கடை பேர்லதான் கீது, அதைப் போடேன்" என்றான். கரீமுல்லா லேஸ் ஸ்டோர்ஸ், சென்னை என்று போனது. அது என்ன ஆய்வு நிறுவனம் என்று பத்திரிகையிலிருந்து கேட்டு எழுதினார்கள். சோதனை நடந்த இடத்தின் உரிமையாளர்கள் என்று ஜலஜா பதில் போட்டாள். அச்சாகி வந்த தாளை ரசூல் கல்லாவுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை படித்தான். அப்பா பேர் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஐப்பசியில் மழைக்கு நடுவே ஒருநாள் அன்புக்கரசி ஒரு கோணிப்பை பச்சை மிளகாயோடு பாண்டி பஜாருக்கே வந்து இறங்கினாள். கடையில் கார நெடி ஏறியது. லேஸ் வாங்க வந்தவர்கள் தும்மினார்கள். விளைச்சல் நன்றாக வந்திருந்தது. அண்ணன் ஒரு வயல் தள்ளிப் போட்டிருந்தான், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு. ரசூல் ஜலஜாவைக் கூப்பிட்டான். அவள் வந்ததும் மூன்று பேருமாக மிளகாயைப் பங்கு பிரித்தார்கள்.

எல்லாம் பிரித்து முடிந்த பிறகு அன்புக்கரசி இடுப்பிலிருந்து இலைகள் மடித்த ஒரு சிறு பொட்டலம் எடுத்தாள். மேற்கு மூலையில் ஒரு பாத்தி மட்டும் சரியாக வரவில்லையாம். அங்கே இலை நாடா மாதிரி நீளவில்லை. உள்பக்கமாகக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. ரசூல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பொட்டலத்தை விளக்குப் பக்கம் நகர்த்தினான். ஜலஜா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.